கட்டி அனுப்பப்பட்ட சகலை

ஐம்பத்திரண்டு வயதில், நான் லீவு போட்டிருந்த, என் மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, என் இரண்டு கைகளையும் நானே இடுப்போடு சேர்த்துப் பூட்டிக்கொண்டேன். முதுகுவலிக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த அகலமான பெல்ட் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை வயிற்றைச் சுற்றி ஒட்டிவிட்டு, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து, இரண்டு கைகளையும் மணிக்கட்டுக்கு மேல்வரை அதற்குள் செருகினேன். பிறகு மூச்சை விட்டேன். அந்த வயிறு என்னுடையது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே போன கைகள் திரும்பி வரவில்லை.

வாசல் மணி அடித்தது. சாத்தி மட்டும் வைத்திருந்த கதவைக் காலால் இழுத்துத் திறந்தேன். கூரியர்காரர்.

"சார், இதுல ஒரு கையெழுத்து."

"போட முடியாதுங்க. கை கட்டியிருக்கு."

"யார் சார் கட்டுனது?"

"நான்தான்."

சேலம் சூரமங்கலத்தில் பார்சல் கொடுக்கிறவர் பலவிதமான மனிதர்களைப் பார்த்திருப்பார். என் பெயருக்கு நேரே தானே கையெழுத்துப் போட்டு, பார்சலை என் காலடியில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் படியிறங்கினார். அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்க என் கௌரவம் இடம் தரவில்லை. பீரோக் கைப்பிடியில் பெல்ட்டின் ஒட்டுப்பட்டையை மாட்டி இழுத்து வெளியே வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

எழுத்துக்கான ஆராய்ச்சி என்று மனைவியிடம் சொன்னேன். அது பொய். காரணம் பொறாமை. என் சகலையை ஒரு நாடு இடுப்பில் பெல்ட் போட்டு, கைகளை அதில் பூட்டி, விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருந்தது. என்னை எந்த நாடும் எதற்காகவும் கட்டியதில்லை. அவிழ்த்ததுமில்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். ஏஜெண்ட் ஒருவர் மூலம் ஒரு குளிர் நாட்டுக்கு வெல்டர் வேலைக்குப் போனார். அது எந்த நாடு என்று எழுத மாட்டேன். பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அவர், வாயை வைத்திருப்பவன் நான். கூட்டிப்போன கம்பெனியின் உரிமம் ரத்தாகிவிட, அதோடு இவருடைய விசாவும் ரத்தானது. திரும்பி வர வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே எட்டு மாதம் கிடைத்த வேலையைச் செய்தார். பிடித்தார்கள். ஒரு மாதம் முகாமில் வைத்தார்கள். பிறகு அனுப்பிவிட்டார்கள்.

என் பொறாமை இந்தப் பயணத்தில் பிறந்தது அல்ல. அவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலேயே பிறந்துவிட்டது. வெண்ணந்தூரில் என் மாமியார் அவரை "வா சாமி" என்று கூப்பிடுவார். ஆறு வருடம் முன்னதாகவே அந்த வீட்டுக்கு வந்துவிட்ட என்னை "சேலத்துக்காரரு வந்திருக்காரு" என்று உள்ளே பார்த்து அறிவிப்பார். ஏதோ மீட்டர் பார்க்க வந்தவன் மாதிரி. என் இலையில் ஒரு முட்டை இருந்தால் அவர் இலையில் இரண்டு இருக்கும். முட்டைக்குப் பஞ்சமில்லாத நாமக்கல் ஜில்லாவில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நான் மூன்று புத்தகம் போட்டவன். மூன்றாவதை மாமியாருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அது அலமாரியின் ஆடுகிற கால் ஒன்றுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. அந்த அலமாரியைச் செய்து கொடுத்தவர் சகலை.

அவர் வெளிநாடு போனபோது பொறாமைப்பட்டேன். அது எல்லோரும் படுகிற பொறாமை. கட்டி அனுப்பப்பட்டுத் திரும்பி வந்தபோது இனி பொறாமைக்கு வேலை இல்லை என்று நினைத்து, கொஞ்சம் தாராளமான மனதோடு, ஆப்பிள் வாங்கிக்கொண்டு நாமக்கல் போனேன். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பட்டறை ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கோழிப்பண்ணை வண்டி டிரைவர்கள், கைபேசியில் சேனல் நடத்தும் ஒருவர். எல்லோரும் வரிசையாக அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்கள். அதில் தழும்பு ஒன்றும் இல்லை. தழும்பு இல்லாத மணிக்கட்டை இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் பார்த்து அன்றுதான் பார்த்தேன். "வலிச்சுதுங்களா?" என்றார் சேனல்காரர். "சுமாருங்க" என்றார் சகலை. அந்தச் 'சுமாருங்க'வை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மறுநாள் கைபேசியில் பார்த்துவிட்டு, என் மூன்று புத்தகங்களைப் பற்றி யோசித்தேன். அந்த யோசனையை இங்கே எழுதத் தேவையில்லை.

சகலைக்கு ஒரு சிக்கல் இருந்தது. திருப்பி அனுப்பிய கோப்பில் அவர் பெயருக்கு எதிரே, 'ஒத்துழைக்க மறுத்தவர்' என்று ஒரு குறியைப் போட்டிருந்தார்கள். வளைகுடாவில் கப்பல் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. அந்தக் குறி இருக்கும்வரை அவரை எடுக்க முடியாது என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். குறியை எடுக்க ஒரே வழி, தன்னைக் காரணமில்லாமல் கட்டினார்கள் என்று அந்தக் குளிர் நாட்டுக்கே புகார் அனுப்புவது. அதற்கும் கெடு உண்டு. அங்கே இப்படிப்பட்டவர்களுக்கு உதவும் வக்கீல் ஒருவர், நடந்ததைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று மின்னஞ்சல் போட்டிருந்தார்.

"நம்மூட்டுல எழுதறவரு நீங்கதானுங்ணா" என்றார் சகலை. அந்த வீட்டில் அந்த வாக்கியத்தை முதன்முதலாக அன்றுதான் கேட்டேன்.

வக்கீல் அனுப்பிய விதிப் புத்தகத்தை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். திருப்பி அனுப்பப்படுகிறவரை எப்போது கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்பதற்கு நாற்பது பக்கம். எதற்கும் இருக்கட்டும் என்று கட்டக்கூடாது. ஆளைப் பார்த்து, அந்த ஆளுக்கான காரணத்தை எழுதிவைத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். பெல்ட்டில் இரண்டு நிலை: கை இடுப்போடு ஒட்டியிருக்கும் இறுக்க நிலை, கை வாய்வரை எட்டுகிற தளர் நிலை. ஆள் அமைதியாக இருந்தால் தளர்த்த வேண்டும். சாப்பிடவும் ஒதுங்கவும் விட வேண்டும். தளர்த்தச் சொல்லிக் கேட்பது எப்படி என்பதை அவருக்குப் புரிகிற மொழியில் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனிதனின் மணிக்கட்டைப் பற்றி நாற்பது பக்கம் கவலைப்பட்டிருக்கிறார்கள். என் எழுத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் நாலு வரி கவலைப்பட்டதில்லை. விதிகளைப் படிக்கும்போதும் பொறாமைப்பட முடியும் என்பது எனக்கே புதிது.

அடுத்து சகலையிடம் விவரம் கேட்டேன்.

"பெல்ட்ட மாட்டுனப்ப மனசுல என்ன இருந்துச்சு சகலை?"

"பாத்ரூம் போயிட்டு வந்திருக்கலாமேன்னு இருந்துச்சுங்ணா."

"கோவம் வரலையா?"

"யாரு மேலைங்ணா? மாட்டுன ஆளு நல்லா தன்மையாத்தான் பேசுனாப்புல. இடுப்ப இறுக்குதான்னு ரெண்டு வாட்டி சைகையில கேட்டாப்புல."

"திமிறுனீங்களா? கத்துனீங்களா?"

"எதுக்குங்ணா? உக்காருன்னாங்க, உக்காந்தேன். எந்திரின்னாங்க, எந்திரிச்சேன்."

"அப்ப அத்தன மணி நேரம் என்னதான் நடந்துச்சு?"

நன்றாக யோசித்தார்.

"மூக்கு அரிச்சுதுங்ணா."

பேனாவை மூடினேன். அவர் உற்சாகமாகிவிட்டார்.

"வெமானம் கெளம்பறதுக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சு. மூக்கு நுனியில. கை ரெண்டும் இடுப்போட கெடக்குது. சொறிஞ்சு உடுங்கன்னு கேக்க எனக்கு இங்கிலீசு தெரியல. சரி, முன்னால சீட்டுல தேச்சுக்கலாம்னு குனிஞ்சனுங்களா, இந்தப் பக்கம் இருந்த ஆளு தோளப் புடிச்சு நிமுத்தி உக்கார வெச்சுட்டான். மறுக்காவும் குனிஞ்சேன். அந்தப் பக்கத்து ஆளும் புடிச்சான். அப்புறம் ஊரு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் உடவே இல்லீங்ணா."

கொடுத்துவைத்தவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட அனுபவம் வாய்க்கிறது, அதுவும் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாதவர்களுக்கே வாய்க்கிறது என்று மனதுக்குள் பொருமினேன். என்னை மட்டும் அப்படிக் கட்டி அனுப்பியிருந்தால்! ஐந்நூறு பக்கம் நிச்சயம். மூக்கு அரிப்புக்கு இலக்கியத்தில் இடமில்லை என்று முடிவு செய்து அதை விட்டுவிட்டேன். அனுபவத்தை நானே பெற்றுக்கொள்வது என்று தீர்மானித்த பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை முதுகுவலி பெல்ட்டை எடுத்தது.

அன்று சாயங்காலமே எழுதி முடித்தேன். ஆறு பக்கம். சகலையின் குரலில், தன்மை ஒருமையில். 'என் கைகளைப் பூட்டினார்கள். என் மானத்தைப் பூட்ட அவர்களிடம் பூட்டு இல்லை. காங்கேயம் காளையைப் போலத் திமிறினேன். நான்கு பேர் சேர்ந்தும் என்னை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள். என் கர்ஜனையில் விமானத்தின் ஜன்னல்கள் அதிர்ந்தன.' என் வாழ்நாளில் நான் எழுதிய ஆகச் சிறந்த ஆறு பக்கங்கள் என்று தோன்றியது. படித்துப் பார்க்கச் சொல்லாமலே, சகலையின் பெயரைப் போட்டு, வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெண்ணந்தூரில் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு பக்கத்தையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சாமி, இத்தனையும் பட்டியா?" என்று சகலையின் தலையைத் தடவினார். எழுதியவன் தலையும் பக்கத்திலேயேதான் இருந்தது. சகலை வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். தான் இவ்வளவு பெரிய ஆள் என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும்.

சகலையின் மனைவியான என் கொழுந்தியாள் மட்டும் அழவில்லை. அவள் நாமக்கல்லில் விடுதியோடு கூடிய பள்ளிக்கூடம் ஒன்றில் பெண்கள் விடுதிக்கு வார்டன்.

"ஏனுங் மாமா" என்றாள். "இதப் படிக்கறவங்களுக்கு, கட்டுனது சரிதான்னு தோணாதுங்களா?"

"எப்படிச் சொல்ற?"

"எங்க ஹாஸ்டல்ல ஒரு புள்ளைய வெளிய நிக்க வெச்சா, ஏன் நிக்க வெச்சோம்னு ரிஜிஸ்டர்ல எழுதோணும். கத்துனா, தட்டத் தூக்கி எறிஞ்சான்னு எழுதிட்டா அதோட சரி. அப்பன் ஆத்தா வந்தாலும் எங்கள ஒண்ணும் கேக்க முடியாது. சும்மா உக்காந்திருந்த புள்ளைய நிக்க வெச்சிருந்தாத்தான் எங்க கழுத்தப் புடிப்பாங்க. நீங்க இவரக் கத்த உட்டிருக்கீங்க. நாலு பேரு சேந்து அடக்குனாங்கன்னு வேற எழுதியிருக்கீங்க."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கத்துனீங்களா?"

"இல்ல புள்ள."

"பின்ன ஏன் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க?"

"அண்ணன் எழுதுனது நல்லா இருந்துச்சு. அப்படியும் நடந்திருக்குமோன்னு பாத்தேன்."

இருபத்தாறு வருடமாக அலுவலகத்தில் என் வேலை, பொதுமக்கள் கொடுக்கும் மனுக்களை வாசித்துப் பதில் தயாரிப்பது. 'கொதித்தெழுந்தேன்', 'சூறையாடினேன்' என்று எழுதுகிறவர்களின் மனுவை முதலில் மூடுவோம். அவர்கள் வாக்குமூலமே போதும், விசாரணை தேவைப்படாது. 'மூன்றாம் தேதி போனேன், ஆள் இல்லை, ஐந்தாம் தேதி போனேன், பூட்டியிருந்தது' என்று எழுதுகிறவர்தான் எங்களுக்கு ஆபத்தானவர். இதெல்லாம் தெரிந்த ஒருவன், 'ஒத்துழைக்க மறுத்தவர்' என்ற குறியை எடுக்கச் சொல்லி எழுதிய புகாரில், ஒத்துழைக்க மறுத்ததை ஆறு பக்கத்துக்கு நிரூபித்து, கையெழுத்து இடத்தில் சகலையின் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறான்.

"அனுப்பிட்டீங்களா?" என்றாள் என் மனைவி. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அனுப்பிட்டாரு" என்று அவளே எல்லோருக்கும் சொன்னாள்.

"அப்ப நெசமா என்னதான் நடந்துச்சு?" என்று கொழுந்தியாள் கேட்டாள். சகலை மூக்கு அரித்த கதையைச் சொன்னார். குனிந்ததும், பிடித்ததும், மறுபடி குனிந்ததும். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விதிப் புத்தகத்தின் பக்கங்கள் கண் முன்னால் வந்து நின்றன. தளர்த்தச் சொல்லிக் கேட்பதைப் புரிகிற மொழியில் சொல்லவில்லை. அமைதியாக இருந்தவரைத் தளர் நிலைக்கு மாற்றவில்லை. மூக்கைத் தேய்க்கக் குனிந்ததை முட்ட வந்ததாக எடுத்துக்கொண்டு அந்தக் குறியைப் போட்டிருக்கிறார்கள். முழு வழக்கும் அவருடைய மூக்கு நுனியில் இருந்தது. நான் பேனாவை மூடிய இடத்தில்.

சொன்னேன். பாராட்டுவார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் வேகமாகவே சொன்னேன்.

"இதெல்லாம் தெரிஞ்சும் ஏனுங் மாமா எழுதல?" என்றாள் கொழுந்தியாள்.

அங்கேயே வக்கீலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 'முன்பு அனுப்பிய ஆறு பக்கத்தில் உள்ளவை நடக்கவில்லை. அவை உறவினரின் கற்பனை. அந்த உறவினர் நான்.' என் எழுத்தைப் பற்றி நான் எழுதிய முதல் விமர்சனம் அது. மறுநாள் பதில் வந்தது. நல்லவேளையாக அவர்கள் இன்னும் தாக்கல் செய்யவில்லை. மொழிபெயர்ப்பாளர், இது புகாரா கவிதையா என்று கேட்டு நிறுத்திவைத்திருந்தாராம். மூன்று நாளைக்குள் சரியானதை அனுப்பச் சொன்னார்கள்.

இரண்டு சாயங்காலம் நாமக்கல் போய்வந்தேன். சகலை சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கொழுந்தியாள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"'கொடூரமாக'ன்னு எங்கீங் மாமா சொன்னாரு?"

"அது தானா வந்துடுச்சு."

"எடுத்துருங்."

எடுத்தேன்.

"'கண்ணீர் மல்க'ங்கறது?"

"மூக்கு அரிச்சா கண்ணுல தண்ணி வரும்ல?"

"வந்துச்சுங்களா?" என்று அவள் கணவரைக் கேட்டாள்.

"வரலியே" என்றார் சகலை வருத்தத்தோடு. எனக்காக வந்திருக்கலாமே என்று நினைத்திருப்பார்.

கடைசியில் ஒரு பக்கமும் கால் பக்கமும் வந்தது. 'உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். மூக்கு அரித்தது. கையை எடுக்க முடியவில்லை. யாரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குச் சொல்லவில்லை. முன் இருக்கையில் மூக்கைத் தேய்க்கக் குனிந்தேன். பிடித்தார்கள். மறுபடி குனிந்தேன். மறுபடி பிடித்தார்கள்.' இப்படியே போனது. இந்த நடையில் நான் எழுதியிருந்தால் என் முதல் புத்தகத்தையே அச்சகத்தில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

எந்தப் பத்தியில் எந்த விதி மீறப்பட்டது என்று விதி எண்ணைக் கீழே குறித்து அனுப்பினேன். என் பங்கு அந்த எண்கள் மட்டும்தான்.

ஐந்து மாதம் பதில் இல்லை. அந்த ஐந்து மாதமும் சகலை பட்டறைக்குத்தான் போனார். வளைகுடாவில் அந்த இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதை வாரம் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்வார். வெண்ணந்தூரில் என் இலைக்கு முட்டையே வருவது நின்றுபோயிருந்தது. நானும் கேட்கவில்லை. வேலை கைவிட்டுப் போனால் அதற்குக் காரணம் தாக்கலே ஆகாத என் ஆறு பக்கம்தான் என்று அந்த வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

பதில் வந்தது. பெல்ட் மாட்டியதற்கான காரணம் பதிவேட்டில் எழுதப்படவில்லை. தளர்த்தியிருக்க வேண்டிய நேரத்தில் தளர்த்தவில்லை. கேட்கும் முறையைத் தமிழில் விளக்கவில்லை. குனிந்ததை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டதற்கு ஆதாரமில்லை. குறியை நீக்குகிறோம், நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். ஒரு நாடு அவருடைய மூக்குக்காக வருத்தம் தெரிவித்திருந்தது. அதைப் படித்ததும் முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு, வழக்கம்போல, அவருக்கு மட்டும் ஏன் இப்படியெல்லாம் கடிதம் வருகிறது என்று தோன்றியது.

அவர் வளைகுடா வேலைக்குப் போகிற நாள் காலையில் நாமக்கல் போனோம். சகலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் உள்ளே இருந்தார்கள். ஊருக்குப் போகிற மனிதரிடம் பொய்யனாக நிற்க வேண்டாம் என்று, பதினெட்டு வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததை எடுத்து வெளியே வைத்தேன்.

"சகலை, அந்த ஆறு பக்கம் இருக்கே, அத நான் பொறாமையிலதான் அப்படி எழுதினேன். உங்க மேல எனக்கு உங்க கல்யாணத்துல இருந்தே பொறாமை. அத்தை உங்களக் கூப்பிடற விதம், நீங்க வெளிநாடு போனது, கட்டி அனுப்புனது, சனம் வந்து பாத்தது, எல்லாத்துக்கும். ஒரு நாள் விட்டதில்ல."

சகலை நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டிருந்தார்.

"அப்படீங்களா? நான் கவனிக்கவே இல்லீங்களேண்ணா. அந்த ஜிப்பக் கொஞ்சம் அமுக்கிப் புடிங்க."